ஜெ. குணசேகர் கண்ட ஈரத்துளைக் கோட்பாடு

பெங்களூரிலிருந்து புகை என்ற இழிசொல் ஒழிக்கப்பட்ட வரலாற்றை யாராவது ஒருநாள் எழுதத்தான் போகிறார்கள். அதில் ஜெ. குணசேகரின் பெயரைப் பொன்னெழுத்துகளில் பொறிக்காமல் விட்டால் எழுதுகிறவருக்குத்தான் அவமானம். பொறிக்கும்போது இனிஷியலோடு பொறிக்க வேண்டும். 'ஜெ.' இல்லாமல் வெறும் குணசேகர் என்று போட்டால் அவருக்குப் பிடிக்காது. விசிட்டிங் கார்டு அடித்தவரோடு ஒருமுறை சண்டைக்கே போயிருக்கிறார். பொன்னைப் பற்றியும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். அப்பா ஜெயவேலுவும் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். வீட்டில்தான் தங்கம் இருந்ததில்லை.

குணசேகர் இப்போது 'தங்காளி ஏர் சொல்யூஷன்ஸ்' என்னும் மேன்மை தங்கிய நிறுவனத்தில் நலவாழ்வு மேலாளர். தங்காளி என்றால் கன்னடத்தில் குளிர்ந்த காற்று. அலுவலகத்துத் தமிழர்கள் 'தக்காளி கம்பெனி' என்பார்கள், நன்றி கெட்டவர்கள். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை மற்ற அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடுவது தொழில். இயந்திரத்தின் நெற்றியில் ஒரு விளக்கு உண்டு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அதற்கும் மேலே போனால் கத்தரிப்பூ நிறம். 'எங்கள் இயந்திரம் இருக்கும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தை யாரும் கண்டதில்லை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

கண்டது அவர்களுடைய மீட்டிங் ரூமில்தான்.

நிறுவனர் ஸ்ரீரஞ்சனி சிகரெட்டை அலுவலகத்திலிருந்து போன வருடமே நாடு கடத்திவிட்டார். மொட்டை மாடியில் சாம்பல் கிண்ணம் இருந்த இடத்தில் இப்போது துளசித் தொட்டி இருக்கிறது. ஊழியர்கள் எல்லோரும் திருந்தி, 'ஆவி'க்கு மாறியிருந்தார்கள். பேனா மாதிரி ஒன்று, பென் டிரைவ் மாதிரி ஒன்று, லிப்ஸ்டிக் மாதிரி ஒன்று என்று ஆளுக்கொரு மின்சிகரெட். ஆனால் அந்தச் சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை. ஆவிதான். இட்லிப் பானையிலும் ஆவிதானே வருகிறது, இட்லியை யாராவது தடை செய்தார்களா?

குணசேகரும் மாறியிருந்தார். இதற்கு அடிமையாகிவிடுவோம் என்று சிலர் பயமுறுத்தினார்கள். அவருக்கு அந்தப் பயமே இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்பதை அவர் தினமும் பலமுறை நிறுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அன்று ஸ்ரீரஞ்சனி, 'தூய காற்று அடிப்படை உரிமை' என்ற ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டு, தர்பூசணி வாசனையோடு ஒரு மேகத்தை வெளியே விட்டார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அங்கே பொறாமைக்காரர் இயந்திரம் ஒன்றுதான். அது கீச்சென்று கத்தி, கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.

"டெஸ்மண்ட், வாட் இஸ் திஸ்?" என்றார் ஸ்ரீரஞ்சனி.

டெஸ்மண்ட் இயந்திரப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர், அதுதான் அவருடைய குறை. "மிஷின் கரெக்டாதான் காட்டுது மேடம். நாமதான் ஊதுறோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஸ்ரீரஞ்சனி அவரைப் பார்த்தார். டெஸ்மண்ட் உடனே தெளிந்தார். "ஆனா, ஸ்வல்ப ஓவர் சென்சிட்டிவ் மேடம். சென்சாரைக் கொஞ்சம் அடக்கி வைக்கணும்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது பழைய உண்மை. கூடத்தையே நிமிர்த்தக் கமிட்டி போடுவது பெங்களூர் உண்மை. 'ஆவி நெறிமுறை ஆய்வுக் குழு' அந்த நிமிடமே அமைக்கப்பட்டது. முதலில் சட்டப் பிரச்சினை எழுந்தது.

"இதை விக்கிறதுக்கே நாட்டுல தடை இருக்குதே?" என்று ஒருவர் கேட்டார்.

"விக்கிறதுக்குத்தானே தடை? நம்மள்ல யாராச்சும் விக்கிறோமா? வாங்குறோம், அவ்ளோதான்" என்றார் ஸ்ரீரஞ்சனி.

"அப்ப விக்கிறது யாரு மேடம்?"

"பிரேசர் டவுன்ல ஒரு மொபைல் கவர் கடை" என்றார் டெஸ்மண்ட். "அவங்களும் விக்கல. கவர்தான் விக்கிறாங்க. உள்ள இதை வெச்சுக் குடுக்கிறாங்க."

குற்றம் எங்குமே நடக்கவில்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அடுத்து, உடம்புக்குக் கெடுதலா என்ற சிறிய கேள்வி மிச்சம் இருந்தது. அப்போதுதான் குணசேகர் எழுந்தார். தங்கவயல்காரர் மூளையில் மட்டுமே உதிக்கக்கூடிய ஒரு பேருண்மை அவருக்கு உதித்திருந்தது.

"மேடம், எங்க தாத்தா காலத்துல பாறையைக் காய்ஞ்ச டிரில்லு வெச்சுத் துளைப்பாங்க. தூசி அப்டியே நெஞ்சுக்குள்ள போயிடும். தாத்தா நாப்பத்தஞ்சு வயசுல இருமி இருமிச் செத்துட்டாரு. அப்புறம் தண்ணி டிரில்லு வந்துச்சு. துளைக்கும்போதே தண்ணி பீச்சும். தூசி நனைஞ்சு கீழ உக்காந்துடும். எங்கப்பா தண்ணி டிரில்லுதான். எழுபத்திநாலு வயசு. உயிரோட இருக்கிறாரு!"

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சிகரெட்டு காய்ஞ்ச டிரில்லு. இது ஈர டிரில்லு. சொல்லப்போனா, இந்த ஊரு ரிங் ரோட்டுத் தூசியெல்லாம் நம்ம நெஞ்சுக்குள்ள கீது. அதை நனைச்சு அமுக்குறதே இந்த ஆவிதான்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னவர், எப்படி இருக்கிறார் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கோட்பாட்டுக்குத் தேவையான அளவுக்கு உயிர் இருந்தது, போதும். 'ஈரத்துளைக் கோட்பாடு' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது.

"குணா, யூ ஆர் எ ஜீனியஸ்" என்றார் ஸ்ரீரஞ்சனி. "மே முப்பத்தொண்ணு புகையிலை எதிர்ப்பு தினம். புது மிஷினை அன்னைக்குத்தான் லாஞ்ச் பண்றோம். கிளையன்ட்ஸ் எல்லாரும் வராங்க. உங்கப்பாவை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள ரெண்டு மாசம் ஆவி எடுத்த ரியல் மைன் ஒர்க்கர்! அது மட்டும் நடந்தா அடுத்த நாளே நீங்க துணைத் தலைவர் — சுவாசம்."

துணைத் தலைவர், சுவாசம். அந்தப் பதவியின் பெயரைக் கேட்டதும் குணசேகருக்கு மூச்சே நின்றுவிட்டது.

பிரேசர் டவுனில் ஒரு மாடி வீட்டில் அவருக்குக் குடித்தனம். மனைவி ஹெலன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஜெயவேலுவின் நெஞ்சில் படிந்திருந்த தூசிக்குக் காவலாளி அவள்தான். வீட்டில் ஊதுவத்திக்குத் தடை, கொசுவத்திக்குத் தடை. மிளகாய் வறுக்க வேண்டுமென்றால் மாமனாரைக் கீழ்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வாணலியை வைப்பாள்.

ஜெயவேலு பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. வெற்றிலை ஒன்றுதான். ஆனால் சுரங்கம் மூடுகிற சமயத்தில், அவரை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டரிடம் நெஞ்சு நோய்க்கு நஷ்ட ஈடு கேட்டபோது, காண்ட்ராக்டரின் டாக்டர் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார். அந்த வரி ஜெயவேலுவுக்கு மனப்பாடம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமே அதுதான் என்று சொல்லலாம். "நாட் டியூ டு டஸ்ட். டியூ டு பீடி" என்று பேரன் பேத்தி பாட்டு ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஹெலன் பள்ளிக்கூடம் போன பிறகு குணசேகர் ஓர் ஆவிச் சாதனத்தை அப்பாவின் கையில் வைத்தார்.

"இன்னாடா இது, விசிலு மாரி கீது?"

"ஆவிப்பா. நம்ம தண்ணி டிரில்லு மாரி. உள்ள கீற தூசியை நனைச்சு அமுக்கிடும்."

"டாக்டரு எழுதிக் குடுத்தாரா?"

"டாக்டர் எதுக்குப்பா? எங்க கம்பெனியே காத்து கம்பெனி."

ஜெயவேலு அதற்குமேல் கேட்கவில்லை. தங்கவயலில் யாரைப் பார்த்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "நானு முப்பது வருசம் காத்தே இல்லாத எடத்துல கெடந்தேன். எம்மவன் காத்துக்கே மேனேஜரு!" அப்படிப்பட்ட மகன் கொடுக்கிறான். வாயில் வைத்து இழுத்தார். இருமினார். "மாம்பழம் மாரி கீதுடா" என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். அதைப் பார்த்துக் குணசேகருக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் இருக்கிற கேடு.

சில வாரங்களில் கிழவருக்கு ஆவி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. விடிந்தால் வெற்றிலைப் பையைத் துழாவுவார். பாக்கோடு பாக்காக அது கிடந்தது. மருமகள் வருகிற சத்தம் கேட்டால் பையைச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். ஹெலன் வீடு முழுக்க மாம்பழத்தைத் தேடினாள். கூடையைக் கவிழ்த்தாள், பிரிட்ஜைக் குடைந்தாள். "அழுகிப்போன மாம்பழம் எங்கியோ கீது மாமா" என்றாள். மாமனார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் இருமல் கூடியது. குணசேகர் கலங்கவில்லை, இருமல் கூடினால் தூசி வெளியேறுகிறது என்று பொருள். நடந்தால் மூச்சு வாங்கியது. மூச்சு பெரிதாக வாங்கினால் நுரையீரல் விரிகிறது என்று பொருள். சாப்பாடு குறைந்தது, உடம்பு லேசாகிறது என்று பொருள். கோட்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும். எது நடந்தாலும் அதுவே சாட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலன், வெற்றிலைப் பையைத் துவைக்க எடுத்தாள்.

"இன்னாங்க இது?" என்று கேட்டவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. "ஊதுவத்தி கூட ஆகாதுன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே. பெத்த அப்பா வாயில இதைக் குடுக்க உங்களுக்கு எப்டி மனசு வந்துச்சு?"

"ஹெலன், இது புகை இல்ல. ஈரம். தண்ணி டிரில்லு தத்துவம் உனக்குப் புரியாது."

"புரிய வேணாம். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க கம்பெனி மிஷினு வந்து அழுவுமா?"

"மே முப்பத்தொண்ணு வரைக்கும்தான் ஹெலன். அப்புறம் நானே நிறுத்திடுறேன்."

ஹெலன் அதைத் தூக்கிக் குப்பை லாரியில் போட்டாள். மறுநாளே குணசேகர் மொபைல் கவர் கடைக்குப் போய் வேறொன்று வாங்கினார். விழா நெருங்கிவிட்டதால் 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா' கேட்டு வாங்கினார்.

மே முப்பத்தொன்று. ஏழாவது மாடி ஹாலில் தோரணம் கட்டியிருந்தார்கள். 'அகில கர்நாடக தூய பணியிடப் பேரவை' என்ற அமைப்பு, தங்காளிக்குப் 'புகையற்ற அலுவலகம்' என்று பட்டயம் கொடுத்தது. பேரவைத் தலைவர் ஸ்ரீரஞ்சனியின் சித்தப்பா வெங்கடசுப்ரமணியன். வேலிக்கு ஓணான் சாட்சி. புது இயந்திரம் மேடையில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு நின்றது. டெஸ்மண்ட் அதன் சென்சாரை நன்றாக 'அடக்கி' வைத்திருந்தார். இனிமேல் பக்கத்தில் டயரைக் கொளுத்தினாலும் அது பச்சையைத் தவிர வேறு நிறம் அறியாது.

ஜெயவேலு சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். இலவச மருத்துவ முகாம் என்று ஹெலனிடம் சொல்லி அழைத்து வந்திருந்தார் மகன். லிஃப்டிலிருந்து மேடைக்கு வருவதற்குள் கிழவர் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குணா, நெஞ்சு ஒரு மாரியா கீதுடா. வூட்டுக்குப் போயிட்லாமா?"

குணசேகர் ஒரு கணம் யோசித்தார். யோசித்தார் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது. "அஞ்சே நிமிசம்பா. எனக்காக" என்றார்.

எனக்காக என்று மகன் கேட்டால் எந்த அப்பன் மாட்டேன் என்பான்?

குணசேகர் மைக்கில் கோட்பாட்டை முழங்கினார். பட்டுத்துணி விலகியது. பச்சை விளக்கு எரிந்தது. ஜெயவேலு அந்த விசிலை வாயில் வைத்து ஆழமாக இழுத்து, இயந்திரத்தின் முகத்துக்கு நேரே ஊதினார். விளக்கு அசையவில்லை. பச்சை. ஹால் கைதட்டியது.

பிறகு இருமல் வந்தது. ஒன்று, இரண்டு என்று வந்த இருமல் நிற்கவில்லை. அடுத்த மூச்சை இழுக்க வாய் திறந்தார். உள்ளே எதுவும் போகவில்லை. மேஜையைப் பிடித்தார். முழங்கால் மடங்கியது. தங்கச் சுரங்கத்தில் தொழிலாளிகள் பட்ட பாட்டை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து, முன்வரிசை எழுந்து நின்று இன்னும் பலமாகக் கைதட்டியது. ஒருவர் வீடியோ எடுத்தார். கிழவரின் உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் பச்சையாகவே இருந்தது.

"அப்பா!" என்று குணசேகர் அலறியபோது மைக் அவர் கையிலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

மருத்துவமனையில் டாக்டர் வீணா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு தூசி இருக்கிற நெஞ்சுக்குள்ள இன்னும் என்ன சார் போட்டீங்க?"

குணசேகர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "வெறும் ஆவி டாக்டர். நீராவி. தூசியை நனைச்சு..."

டாக்டர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "இதுல தண்ணி இருக்குன்னு நெனைச்சீங்களா? நீங்க சொல்ற தண்ணி இதுல இல்ல சார். கிளிசரின் மாதிரி ஒரு கெமிக்கல், நிக்கோடின், மாம்பழ வாசனைக்கு வேற ஒரு கெமிக்கல். அதைக் கம்பியில சூடு பண்ணா ரொம்பப் பொடிப்பொடித் துகளா கெளம்பி நேரா நெஞ்சோட அடிவரைக்கும் போகும். நல்ல நெஞ்சுக்கே ஆகாது. நீங்க தூசியை அமுக்கல. தூசி மேல இன்னொண்ணைக் கொட்டியிருக்கீங்க."

"தண்ணி... கொஞ்சம்கூட இல்லீங்களா?"

"உங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கணும். எத்தனை வருஷமா இழுக்கிறீங்க?"

குணசேகர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எதிரில் ஹெலன் நின்றிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜெயவேலு பிழைத்துக்கொண்டார். பிழைத்தார் என்றால், இனி ஆக்சிஜன் குழாயோடுதான் இருக்க வேண்டும் என்ற அளவுக்குப் பிழைத்தார். வார்டுக்கு மாற்றிய அன்று டெஸ்மண்ட் ஒரு கூடை ஆரஞ்சுப் பழமும் ஒரு கவரும் எடுத்துக்கொண்டு வந்தார். கவரில் இரண்டு தாள்கள். மேலே இருந்தது 'சம்பவ அறிக்கை'. கீழே இருந்தது துணைத் தலைவர் — சுவாசம் பதவிக்கான நியமன உத்தரவு. மேல் தாளில் கையெழுத்து விழுந்தால்தான் கீழ்த் தாளுக்கு உயிர்.

"வீடியோ வெளிய போயிடுச்சு குணா" என்றார் டெஸ்மண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிளையன்ட்ஸ் கேக்குறாங்க. நலவாழ்வு மேலாளர்ங்கிற முறையில நீங்க சைன் பண்ணாத்தான் மேடம் மேல பழி வராதாம். அதுல பொய் ஒண்ணும் இல்லியே. உங்கப்பாவுக்குத் தூசி இருக்கிறது நெஜம்தானே?"

குணசேகர் பேனாவை வாங்கினார். வீட்டு வாடகை இருந்தது, ஆக்சிஜன் மிஷினும் வாங்க வேண்டியிருந்தது. எழுதவும் இல்லை, வைக்கவும் இல்லை.

கட்டிலிலிருந்து ஜெயவேலு கையசைத்தார். இன்னா காயிதம் என்று ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து கேட்டார். குணசேகர் தாளை மடிக்கப் பார்த்தார். ஹெலன் அதை அவர் கையிலிருந்து எடுத்து, வகுப்பில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடிவு ஒரே வரி: நாட் டியூ டு வேப்பர். டியூ டு டஸ்ட்.

டஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் கிழவரின் கண் விரிந்தது. முகமூடியைக் கழற்றினார். ஹெலன் தடுத்தாள், கேட்கவில்லை.

"அன்னிக்குத் தூசி இல்ல, பீடின்னு எழுதுனானுங்க" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "இன்னிக்குப் பீடி இல்ல, தூசின்றானுங்க. போவட்டும். தூசின்னு ஒரு கம்பெனியாச்சும் ஒத்துக்கினாங்களே. அதுக்கே நானு செத்துப் பொழைக்க வேண்டியிருந்துச்சு." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும் வரை மூவரும் நின்றார்கள்.

"கையெழுத்து யார்து?"

டெஸ்மண்ட் ஆரஞ்சுக் கூடையைப் பார்த்தார். குணசேகர் பேனாவின் மூடியைத் திருகினார்.

"என்னுதுப்பா."

"போடு" என்றார் ஜெயவேலு. "பேரு உன்னுது, தாராளமா போட்டுக்க. முன்னாடி ஒத்தை எழுத்து கீதே, அது என்னுது. அதை உட்டுட்டுப் போடு."